கம்பி எத்தனை டன் தாங்கியது என்பது கடைசிக் கேள்வி

யுடிஎம் என்ற இழுவைச் சோதனை மெஷினில் கட்டுமானக் கம்பியை மாட்டி இழுத்து, அது ‘டம்’ என்று அறுந்ததும் பக்கத்தில் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எத்தனை டன்னுங்க தாங்குச்சு?” வீடு கட்டுபவர், மேஸ்திரி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த சைட் இன்ஜினியர் என்று யாராக இருந்தாலும் இதைத்தான் கேட்பார்கள். கோவையில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் தனியார் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நான் பார்த்தவரை வலு பற்றாமல் ஃபெயில் ஆகும் கம்பி குறைவு. எடையிலோ நீட்சியிலோ வளைவிலோ தோற்கும் கம்பிதான் அதிகம். டன் கணக்கைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாக வண்டியை எடுக்கிறவரை நிறுத்தி மற்றதையும் சொல்லி அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

முதலில் சாம்பிள். ஒவ்வொரு சைஸிலும் ஒரு மீட்டர் நீளத்தில் மூன்று துண்டு கேட்போம். எங்கள் மெஷினில் இழுப்பதற்கு 60 சென்டிமீட்டர் இருந்தாலே போதும். மேலேயும் கீழேயும் ஜா (கம்பியைக் கவ்வும் தாடை) பிடிக்க இடம் வேண்டும், நடுவில் தடையில்லாமல் நீள இடம் வேண்டும், அவ்வளவுதான். மற்ற துண்டுகள் வளைப்பதற்கும், வளைத்ததை மறுபடி நிமிர்த்துவதற்கும். இந்த மூன்றையும் ஒரே கம்பியிலிருந்து வெட்டிக் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். அப்படி வந்தால் அந்த ஒரு கம்பியைப் பற்றி மட்டுமே தெரியும். சைட்டில் இறங்கிய மொத்த லோடைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெவ்வேறு கட்டிலிருந்து எடுங்கள். கம்பி மேல் புடைப்பாக அச்சாகியிருக்கும் பெயரும் கிரேடும் துண்டில் விழும்படி வெட்டுங்கள். பிறகு ஏதாவது தகராறு வந்தால் அந்த எழுத்துதான் பேசும்.

கடைக்காரரே சாம்பிள் கொடுத்து அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் கெட்டவர் என்பதற்காக இல்லை. உங்கள் சைட்டில் இறங்கிய கம்பியும் அவர் குடோனில் இருந்து எடுத்த துண்டும் ஒரே லோடா என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் ரிப்போர்ட்டில் ‘சாம்பிள் வாடிக்கையாளரால் தரப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். ‘இந்த முடிவு சோதிக்கப்பட்ட துண்டுக்கு மட்டுமே பொருந்தும்’ என்று இன்னொன்று. இரண்டையும் யாரும் படிப்பதில்லை.

இன்னொன்று, எப்படி வெட்டுவது. ஹாக்ஸா பிளேடிலோ கட்டிங் வீலிலோ வெட்டுங்கள். கேஸ் கட்டர் வேண்டாம். டிஎம்டி கம்பி ரோலிங் முடிந்து செக்கச் சிவந்து வரும்போதே தண்ணீர்ப் பெட்டிக்குள் பாய்ந்து வெளியே வருகிறது. மேல்தோல் சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படும். உள்ளே தங்கிய சூடு மெதுவாக வெளியே பரவி அந்தத் தோலைக் கொஞ்சம் பதப்படுத்தும். அதனால் வெளியே கடினமான ஒரு வளையமும் உள்ளே மென்மையான மையமும் அமைகின்றன. கம்பியின் வலுவும் வளையும் குணமும் இந்த இரண்டின் கூட்டணியில்தான் இருக்கின்றன. நெருப்பால் வெட்டினால் வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பதம் போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் நீளமாக வெட்டி வாருங்கள். முனையை நாங்கள் ஒதுக்கிவிடுவோம். அதேபோல, 12 மீட்டர் கம்பியை டெம்போவில் ஏற்றுவதற்காக நடுவில் மடக்கியிருப்பார்கள். அந்த மடிப்பில் வெட்டி, சுத்தியலால் தட்டி நிமிர்த்திக் கொண்டுவரும் துண்டும் உதவாது. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த எஃகு, இழுக்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தது, அதாவது பழைய நீளத்துக்குத் திரும்பாதபடி நீள ஆரம்பித்தது, என்பதே சரியாகத் தெரியாது.

கோவைக்கே உரிய ஒரு சங்கதியும் இருக்கிறது. இங்கே தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. பட்டறை வைத்திருக்கும் ஒருவர் சொந்த வீடு கட்டும்போது 20 எம்எம் கம்பியை லேத்தில் போட்டு, நடுவில் மெலிதாகவும் இரண்டு முனையில் தடிமனாகவும் கடைந்து, பளபளவென்று பாலிஷ் போட்டுக் கொண்டுவந்தார். பாலிடெக்னிக்கில் படித்தபோது சாம்பிள் அப்படித்தான் செய்தார்களாம். வேலைப்பாட்டைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம், அவ்வளவு நேர்த்தி. ஆனால் கடைந்ததில் போனது அந்தக் கடின வளையம்தான். மிச்சமிருந்தது மென்மையான மையம். இழுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வர வேண்டிய இடத்தில் வெகு கீழேயே விட்டுக்கொடுத்தது. “கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானுங்க” என்று கொதித்தார். அதே கம்பியின் கடையாத துண்டை அடுத்த நாள் கொண்டுவரச் சொல்லி இழுத்துக் காட்டிய பிறகுதான் அடங்கினார். கான்கிரீட்டுக்குப் போடும் கம்பியை, மேலே புடைத்திருக்கும் வரியும் தோலுமாக முழுசாகத்தான் இழுக்க வேண்டும். வளையத்தைக் கண்ணால் பார்க்க ஆசையென்றால் வெட்டிய முகத்தை நன்றாகத் தேய்த்து, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலைத் தடவினால் போதும். ஓரத்தில் கருத்த வளையம் எழும்பி வரும். சுற்றிலும் ஒரே கனத்தில் இருந்தால் தண்ணீர் ஒழுங்காகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து பிறை மாதிரி இருந்தால் அந்தக் கம்பியைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது எடை. எனக்கு இந்தச் சோதனை முழுவதிலும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் தராசும் டேப்பும் இருந்தால் நீங்களே சைட்டில் செய்துவிடலாம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 எம்எம் 0.395, 10 எம்எம் 0.617, 12 எம்எம் 0.888, 16 எம்எம் 1.58, 20 எம்எம் 2.47. கம்பி கட்டுகிறவர்களில் பலருக்கு இது மனப்பாடம். ஐஎஸ் 1786 என்ற தர நிர்ணயத்தில் இதற்கு விலகல் வரம்பு உண்டு. ஒரு தனித் துண்டு, 10 எம்எம் வரை 8 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 10க்கு மேல் 16 வரை 6 சதவீதம். அதற்கு மேல் 4 சதவீதம். மொத்த லோடின் சராசரிக்கு வரம்பு இன்னும் இறுக்கம்: முறையே 7, 5, 3.

வெர்னியரை வைத்து விட்டத்தை அளந்து காட்டுகிறவர்களிடம் சண்டை போடாமல் சிரித்துக்கொள்வேன். வரி போட்ட கம்பியில் விட்டம் என்று எதை அளப்பது? வரியின் மேல் வைத்தால் ஒன்று, பள்ளத்தில் வைத்தால் இன்னொன்று. அதனால்தான் எடையிலிருந்து பரப்பைக் கணக்கிடுகிறோம். துரு உதிர வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, முனைகளைச் சதுரமாக வெட்டி, நீளத்தை அளந்து தராசில் வைப்போம். கிலோவில் வரும் எடையை, மீட்டரில் உள்ள நீளத்தையும் 0.00785ஐயும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் பரப்பு சதுர மில்லிமீட்டரில் வந்துவிடும். எஃகின் அடர்த்தி கனமீட்டருக்கு 7,850 கிலோ; அந்த எண் அங்கிருந்து வருகிறது.

ஒரு 12 எம்எம் துண்டின் கணக்கைச் சொல்கிறேன். கிரேடு 500டி; சதுர மில்லிமீட்டருக்கு குறைந்தது எத்தனை நியூட்டன் வரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அந்த 500, கூடுதலாக நீளும் வகை என்பது டி. நீளம் 0.600 மீட்டர், எடை 0.498 கிலோ. அதாவது மீட்டருக்கு 0.830 கிலோ. இருக்க வேண்டியது 0.888. கிட்டத்தட்ட ஆறரை சதவீதம் குறைவு, வரம்பு ஆறு. பரப்பு 105.7 வருகிறது, பேப்பரில் 113.1. இதை மெஷினில் இழுத்தபோது 55.5 கிலோநியூட்டனில் விட்டுக்கொடுத்தது, 64இல் உச்சம் தொட்டது. டன்னில் சொன்னால் ஆறரை. உரிமையாளருக்கு ஒரே மகிழ்ச்சி.

இனிமேல்தான் விஷயம். 55.5ஐ உண்மையான பரப்பால் வகுத்தால் 525 எம்பிஏ, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 525 நியூட்டன். 500 தாண்டிவிட்டது, பாஸ். ஆனால் கட்டடத்தைக் கணக்குப் போட்ட இன்ஜினியர் உங்கள் கம்பியை எடை போட்டா கணக்குப் போட்டார்? 12 எம்எம் என்றால் 113 சதுர மில்லிமீட்டர், அதை 500ஆல் பெருக்கினால் 56.5 கிலோநியூட்டன் என்று நம்பித்தான் எத்தனை கம்பி என்று வரைந்திருக்கிறார். கையில் உள்ள கம்பி அந்த 56.5ஐத் தொடவில்லை. எஃகு நல்ல எஃகு, கம்பிதான் ஒல்லி. ரிப்போர்ட்டில் வலு என்ற இடத்தில் பாஸ், எடை என்ற இடத்தில் ஃபெயில் என்று வந்ததும் “ஏனுங்க சார், இது பாஸா ஃபெயிலா?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பதில், ஃபெயில்தான்.

இதில் பணக் கணக்கு வேறு திசையில் போகும். எடை போட்டு வாங்கியிருந்தால் ஒல்லிக் கம்பியில் உங்களுக்குப் பண நஷ்டம் இல்லை. அதே கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நீளம் கிடைத்திருக்கும். கட்டடத்துக்குத்தான் நஷ்டம். கம்பி எண்ணிக்கைக்கு, ‘ஒரு 12 எம்எம் கம்பி இத்தனை கிலோ’ என்று நிர்ணய எடையை வைத்துப் பில் போட்டிருந்தால் இரண்டு நஷ்டமும் உங்களுக்கே. 12 மீட்டர் கம்பி 10.66 கிலோ இருக்க வேண்டும்; மேலே சொன்ன கம்பி 9.96தான் இருக்கும். கம்பிக்கு 700 கிராம். ஒரு வீட்டுக்கு எத்தனை கம்பி போகிறது என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த வீட்டில் கடைசியில் பீமுக்கும் தூணுக்கும் கம்பியை மாற்றி வாங்கினார்கள். மிச்சத்தைக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எடுத்துக்கொண்டார்.

இழுவைக்கு முன்னால் இன்னும் ஒரு வேலை, கோடு போடுவது. அறுந்த பிறகு எவ்வளவு நீண்டது என்று அளக்க ஆதார நீளம் வேண்டும். அது விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு: 12க்கு 60 மில்லிமீட்டர், 16க்கு 80. எங்கே அறும் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் 60க்கு இரண்டே இரண்டு புள்ளி வைத்துவிட்டு, கம்பி அதற்கு வெளியே போய் அறுந்தால் நீட்சி சரியாக வராது. அதனால் ஜாவுக்கு வெளியே தெரியும் நீளம் முழுவதும் 5 அல்லது 10 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுவிடுவோம். அறுந்த இடத்தை நடுவில் வைத்து எண்ணிக்கொள்ளலாம். மெதுவாகக் கீற வேண்டும். பஞ்ச் உளியால் ஓங்கிக் குத்தினால் குத்திய பள்ளத்திலேயே அறுக்கத் தொடங்கிவிடும்.

மெஷின் 100 டன் ஹைட்ராலிக். கம்பியின் முனை ஜாவின் நீளத்தில் பெரும்பகுதிக்காவது உள்ளே போக வேண்டும். நுனியை மட்டும் கவ்வ வைத்தால் வழுக்கும், ஜாவும் விரியும். ஆயில் ஏற ஆரம்பித்ததும் ‘க்ரிச்’ என்று பற்கள் கம்பியில் இறங்கும் சத்தம் கேட்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. லோடு, அதாவது இழுக்கும் விசை, மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், திரையில் நேர்க்கோடு. இந்தக் கட்டத்தில் லோடை இறக்கினால் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். திடீரென்று லோடு ஏறாமல் ஒரே இடத்தில் தயங்கும். பழைய டயல் மெஷினில் முள் நின்றுவிடும். அதே நேரம் கம்பி மேலிருக்கும் சாம்பல் நிறத் தோல் வெடித்துப் பொடிப் பொடியாகக் கொட்டும். கம்பி விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் மூத்த அண்ணன் திரையைப் பார்ப்பதற்கு முன்பே, கொட்டுகிற அந்தப் பொடியைப் பார்த்து “இப்ப விட்ருச்சு, குறிச்சுக்கோ தம்பி” என்று சொல்லிவிடுவார்.

சுருளாக வந்து மெஷினில் நிமிர்த்தப்பட்ட 8 எம்எம் கம்பிகளில் இந்தத் தயக்கம் தெளிவாகத் தெரியாது. கோடு வழவழவென்று வளைந்து போய்விடும். அதற்கு, நீட்சியை நுணுக்கமாக அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரை மாட்டி, 0.2 சதவீதம் நிரந்தரமாக நீண்டுவிட்ட இடத்தைக் கண்டுபிடித்து அதை எடுத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் ‘0.2 சதவீத புரூஃப் ஸ்ட்ரெஸ்’ என்று வருவது இதுதான். அறுவதற்கு முன் அந்தக் கருவியைக் கழற்றிவிட வேண்டும், விலை அதிகம்.

அதற்குப் பிறகு லோடு மறுபடி ஏறும், உச்சத்தைத் தொடும், இறங்க ஆரம்பிக்கும். இறங்கும்போது கம்பியில் ஓரிடம் மட்டும் ஜவ்வு மிட்டாயை இழுத்தது போல மெலிந்துகொண்டே போவதை வெறும் கண்ணால் பார்க்கலாம். பிறகு சத்தம். கண்ணாடித் தடுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும். தெறிக்கும் பொடி கண்ணில் பட்டால் அன்றைய வேலை ஆஸ்பத்திரியில்தான் முடியும். அறுந்த முனையை உடனே தொட்டுப் பாருங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. தடியான கம்பியென்றால் நன்றாகவே சூடாக இருக்கும். இழுத்த வேலையெல்லாம் சூடாக மாறி அந்தக் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அறுந்த முகம் நடுவில் சொரசொரவென்று மங்கலாக, ஓரத்தில் சரிந்து, கழுத்து மெலிந்து இருந்தால் நல்லது. கழுத்தே விழாமல் தட்டையாக, மணல்மணலாக மின்னினால் எவ்வளவு டன் தாங்கியிருந்தாலும் எனக்கு அந்தக் கம்பி பிடிக்காது.

ஜாவுக்குள்ளேயே அறுந்தால்? பல் பதிந்த இடத்தில் அறுந்து, முடிவும் குறைவாக வந்தால் அதைக் கணக்கில் எடுக்காமல் வேறு துண்டை இழுக்க வேண்டும். லேபுக்கு வருகிறவர்கள் இதைக் கவனித்துக் கேட்கலாம், தப்பில்லை.

வேகத்தையும் கவனியுங்கள். விட்டுக்கொடுக்கும் வரை நொடிக்கு 6 முதல் 60 எம்பிஏ வரை ஏற்றலாம் என்று இழுவைச் சோதனைக்கான விதி ஐஎஸ் 1608 சொல்கிறது. வரிசையாகச் சாம்பிள் காத்திருக்கும் நாளில் வால்வை முழுசாகத் திறந்துவிட ஆசை வரும். வேகமாக இழுத்தால் எஃகு கொஞ்சம் அதிக வலுவோடு இருப்பது போலக் காட்டும். 490க்கும் 500க்கும் நடுவில் தத்தளிக்கும் கம்பிக்கு அந்தக் கொஞ்சம் போதும். சில நொடிகளில் சடாரென்று இழுத்து முடித்து, சரியாக 502, 503 என்று எழுதித் தரும் இடத்தைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

சரி, இப்போது நீட்சி. அறுந்த இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, கோடுகளை எண்ணி அளப்போம். 80 மில்லிமீட்டர் 93.6 ஆகியிருந்தால் 17 சதவீதம். 500டிக்குக் குறைந்தது 16 வேண்டும், டி இல்லாத வெறும் 500க்கு 12, வெறும் 550க்கு 10, 550டிக்கு 14.5. எண் ஏற ஏற வலு கூடும், நீளும் குணம் குறையும். டி என்ற எழுத்து அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. டி கிரேடுகளில் கந்தகமும் பாஸ்பரஸும் இன்னும் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் சேர்த்தி.

ஒரு பெரியவர் 16 எம்எம்மில் வெறும் 550 கம்பி வாங்கி வந்து, “500ஐ விட 550 பெருசுதானுங்களே, அதான் ரெண்டு ரூபா சேர்த்துக் குடுத்து வாங்கினேன்” என்றார். இழுத்ததில் 80 மில்லிமீட்டர் 89தான் ஆனது, பதினோரு சதவீதம். உச்ச லோடுக்கும் விட்டுக்கொடுத்த லோடுக்கும் வித்தியாசம் ஏழு சதவீதம். 550க்கு ஆறு இருந்தால் போதும், ஆக விதிப்படி எல்லாமே பாஸ். ஆனால் அவருடைய இன்ஜினியர் வரைபடத்தில் எழுதியிருந்தது 500டி. அந்தக் கிரேடுக்கு வித்தியாசம் பத்து, நீட்சி பதினாறு. நிலநடுக்கத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட ஐஎஸ் 13920, 14.5 சதவீதத்துக்கு மேல் நீட்சி கேட்கிறது. கோவை பக்கம் அதிர்வே வராது என்று சொல்லிக்கொள்கிறோம். வரைபடம் எழுதுகிறவர் அப்படி நினைக்க முடியாது.

அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பீம் அளவுக்கு மீறிச் சுமை தாங்க நேர்ந்தால், கான்கிரீட் நொறுங்குவதற்கு முன் கம்பி விட்டுக்கொடுத்து நீள வேண்டும் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். நீண்டால் பீம் தொய்யும், அடியில் விரிசல் வாய் திறக்கும், பார்ப்பவருக்குத் தெரியும், வீட்டில் இருப்பவர்கள் வெளியே வர நேரம் கிடைக்கும். கம்பி விட்டுக்கொடுக்காமல் முறைத்துக்கொண்டே நின்றால் கான்கிரீட் முந்திக்கொள்ளும். அது முன்னறிவிப்பு தராது. அதனால் 500டி கம்பி 640இல் விட்டுக்கொடுத்தது என்று பெருமையாக யாராவது ரிப்போர்ட்டை நீட்டினால், அடுத்த வரியில் இருக்கும் நீட்சியையும் அதற்கு அடுத்த வரியில் இருக்கும், உச்ச லோடுக்கும் விட்டுக்கொடுத்த லோடுக்குமான விகிதத்தையும் பார்க்காமல் நான் தலையாட்டுவதில்லை. பெரியவர் கேட்டுக்கொண்டார், ஆனால் கம்பியை மாற்றினாரா என்று தெரியாது.

வளைவுச் சோதனையை லேபுக்கு வருகிறவர்கள் வேடிக்கை பார்ப்பதே இல்லை, சத்தம் வராது என்பதால் இருக்கலாம். கம்பியை ஒரு உருளையைச் சுற்றி 180 டிகிரி வளைத்து, வெளிப்பக்கம் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அது. 500டியில் 20 எம்எம் வரை உருளையின் விட்டம் கம்பியைப் போல் மூன்று மடங்கு, அதற்கு மேல் நான்கு மடங்கு. மறுவளைவில், உள்கோணம் 135 டிகிரி வரும்படி வளைத்து, கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, ஆறிய பிறகு கொஞ்சம் நிமிர்த்துவோம். நாள்பட்டால் முறுகிப்போகும் குணம் இருந்தால் இங்கே பல் இளித்துவிடும்.

ஒரு கான்ட்ராக்டர், தூணிலும் பீமிலும் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கை வளைக்கும்போது 8 எம்எம் கம்பி மூலையில் வெடிக்கிறது என்று துண்டுகளோடு வந்தார். இழுத்தோம், பாஸ். வளைத்தோம், 24 மில்லிமீட்டர் உருளையில் ஒரு கீறல்கூட இல்லை. வெடித்த ரிங்கை வாங்கிப் பார்த்தால் மூலை கத்தி மாதிரி இருந்தது. சைட்டில் பலகை மேல் அடித்திருந்த முளைகள் ஆணி கனத்துக்குத்தான் இருந்தன. அதில் வைத்துத்தான் வளைத்திருக்கிறார்கள். எந்தக் கம்பியாக இருந்தாலும் அதில் வெடிக்கும். முளைகளை மாற்றச் சொன்னேன், தடியான பைப் துண்டு போட்டுக்கொண்டார்கள். கம்பியைத் திருப்பி அனுப்பும் முன் வளைக்கும் பலகையை ஒருதரம் போய்ப் பாருங்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் மேலிருந்து படியுங்கள். எந்த விதிப்படி சோதித்தார்கள், எந்தக் கிரேடுக்கு ஒப்பிட்டார்கள், ஹீட் நம்பர் (ஒரே உருக்கில் வந்த எஃகுக்கு மில் தரும் எண்) இருந்தால் அது கம்பிக் கட்டின் டேக்கோடும் மில் சான்றிதழோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பல கடைகள் தரும் சான்றிதழ் வேறு ஏதோ லோடினுடையதாக இருக்கும். லேபுக்கு, சோதனைக்கூடங்களை அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருப்பதாகச் சொன்னால், கம்பி இழுவை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். மண் சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டு எல்லாவற்றுக்கும் அதைக் காட்ட முடியாது. மெஷினை எப்போது அளவு சரிபார்த்தார்கள் என்றும் கேளுங்கள். வாசலில் ஒட்டியிருக்கும், காட்டத் தயங்க மாட்டோம்.

“எந்தக் கம்பெனி கம்பி நல்லதுங்க?” என்ற கேள்விக்கு மட்டும் எங்களிடம் பதில் கிடையாது. டேவிட் கிர்கால்டி என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1860களில் ராட்சத இழுவை மெஷின் ஒன்றை உருவாக்கி, லண்டனில் பணத்துக்குச் சோதித்துத் தரும் கூடம் நடத்தினார். 1879இல் ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் ரயிலோடு விழுந்தபோது அதன் இரும்பையும் அங்கேதான் சோதித்தார்கள். சவுத்வார்க் தெருவில் அந்தக் கட்டடமும் மெஷினும் இன்னும் இருக்கின்றன. வாசலுக்கு மேலே ‘உண்மைகள், கருத்துகள் அல்ல’ என்ற பொருளில் பொறித்து வைத்திருக்கிறார். எங்கள் லேப் வாசலிலும் அப்படி ஒரு போர்டு வைத்தால் தேவலை என்று தோன்றும், பத்துப் பேரில் எட்டுப் பேர் கருத்துக் கேட்கத்தான் வருகிறார்கள்.

ஒரு துண்டு ஃபெயில் ஆனால் மொத்த லோடும் போச்சு என்று பதற வேண்டாம். அதே லோடில் இன்னும் இரண்டு சாம்பிள் எடுத்து, எதில் ஃபெயில் ஆனதோ அந்தச் சோதனையை மறுபடி செய்ய விதி இடம் தருகிறது. இரண்டும் தேறினால் லோடு தேறியது. ஒன்று தவறினாலும் லோடைத் திருப்பலாம். அதற்காகத்தான், ரிப்போர்ட் வரும் வரை கம்பியை வெட்டாமல் வைத்திருங்கள் என்கிறோம். பாதியை வெட்டி வளைத்துத் தூணில் கட்டிவிட்டு வந்தால் கடைக்காரர் ஏன் திருப்பி எடுக்கப் போகிறார்? கம்பி இறங்கிய அன்றே, லாரி நிற்கும்போதே, ஒவ்வொரு சைஸிலும் மூன்று கட்டிலிருந்து துண்டு வெட்டச் சொல்லிவிடுங்கள். டிரைவரிடம் ஹாக்ஸா இருக்காது, நீங்களே எடுத்துப் போங்கள்.